கோலம் கணினியில் ஏன் கலைகிறது?

பீடோரிலிருந்து தாப்பாவுக்குப் பழைய சாலையில் போகும்போது இருபுறமும் உள்ள செம்பனைத் தோட்டங்களைக் கவனித்திருப்பீர்கள். ஒரு கணம் மரங்கள் தாறுமாறாக நிற்பதுபோல் இருக்கும். அடுத்த கணம் நேரான ஒரு சந்து திறக்கும். கடைசி மரம் வரை தெரியும். உடனே மூடிக்கொள்ளும். கொஞ்ச தூரத்தில் வேறொரு சாய்வில் இன்னொரு சந்து திறக்கும். அது முதலாவதைவிடக் குறுகலாக இருக்கும்.

செம்பனையை வழக்கமாக 9 மீட்டர் பக்கமுள்ள சமபக்க முக்கோணமாக நடுகிறார்கள். அப்படி நட்டால் ஒரு வரிசைக்கும் அடுத்த வரிசைக்கும் இடையே 7.79 மீட்டர் இருக்கும். அதுதான் மிக அகலமான சந்து. அதற்கு 30 பாகை சாய்வில் பார்த்தால் அடுத்த சந்து தெரியும். அங்கே வரிசைகளுக்கு இடைவெளி 4.5 மீட்டர்தான், ஆனால் ஒரே வரிசையில் மரத்துக்கு மரம் 15.59 மீட்டர். மூன்றாவது சந்தின் அகலம் 2.95 மீட்டர், அதில் மரத்துக்கு மரம் 23.81 மீட்டர்.

இந்த எண்களைப் பெருக்கிப் பாருங்கள். 9 × 7.79, 4.5 × 15.59, 2.95 × 23.81. மூன்றுமே ஏறத்தாழ 70 சதுர மீட்டர். எந்தச் சந்தில் நின்று அளந்தாலும் வரிசை இடைவெளியையும் மர இடைவெளியையும் பெருக்கினால் ஒரே விடைதான் வரும். ஏனென்றால் அது ஒரு மரத்துக்குரிய நிலத்தின் அளவு. ஒரு ஹெக்டருக்கு ஏறத்தாழ 143 மரங்கள் என்ற கணக்கும் இதிலிருந்துதான் வருகிறது. இந்தப் பெருக்கலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கணினியில் கலைந்துபோன கோலத்தைச் சரிசெய்ய இதுவே நமக்கு உதவப் போகிறது.

கட்டடப் படங்களில் வெட்டுமுகத்தைக் காட்டவும், சுவர், தரை, மண் என்று வேறுபடுத்தவும் ஒரு பரப்பைக் கோடுகளால் நிரப்புவார்கள். இதை 'ஹேட்ச்' என்பார்கள். முன்பு இதைத் தாளில் அளவுகோல் வைத்து ஒவ்வொரு கோடாக இழுத்தார்கள். இப்போது ஆட்டோகேட் போன்ற வரைபட மென்பொருளில் பரப்பின் உள்ளே ஒரு சொடுக்கு, வேலை முடிந்துவிடும். மென்பொருளோடு வரும் பட்டியலில் செங்கல், கான்கிரீட், புல், மண், தேன்கூடு எல்லாம் உண்டு. டச்சு ஓவியர் எஷரின் பெயரில்கூட ஒன்று இருக்கிறது. நம் பாட்டிமார் வாசலில் போட்ட எதுவும் அதில் இல்லை.

ஈப்போவிலும் மற்ற ஊர்களிலும் பாலிடெக்னிக்கிலோ தொழிற்கல்லூரியிலோ கட்டுமானப் படம் வரையப் படிக்கும் நம் பிள்ளைகள் பலர். கோயில் மண்டபத்துக்கோ கல்யாண மண்டபத்துக்கோ தரை வரையும்போது கோலத்தையே ஹேட்சாக ஆக்கலாமே என்ற ஆசை வருவது இயல்பு. முயன்றால் முதல் நான்கு பூக்கள் அழகாக வரும். பத்தாவது பூவில் இதழ் விலகும். முப்பதாவதில் பூவே இருக்காது. சிதறிய குச்சிகள்தான் மிஞ்சும். "சாப்ட்வேர் சரியில்லை" என்று சொல்லிவிட்டு, பட்டியலில் இருக்கும் சதுரக் கட்டத்தையே போட்டுக் கொடுத்துவிடுவார்கள். பிழை மென்பொருளில் இல்லை. பெரும்பாலும் மூன்றாம், நான்காம் தசம இடத்தில் இருக்கிறது.

ஒரு வரியில் ஒரு தோட்டம்

ஹேட்ச் கோப்பு என்பது வெறும் எழுத்துக் கோப்பு. நோட்பேடில் திறந்தால் எண்கள்தான் தெரியும். முதல் வரி நட்சத்திரக் குறியோடு தொடங்கும் பெயர். அதன்பின் ஒவ்வொரு வரியும் ஒரு கோட்டுக் குடும்பம். அதாவது ஒரே சாய்வில், ஒரே இடைவெளியில் முடிவில்லாமல் திரும்பத் திரும்ப வரும் இணைகோடுகள். நம் செம்பனைத் தோட்டம் முழுவதையும் ஒரே வரியில் எழுதிவிடலாம்:

0, 0,0, 4.5,7.79422863, 0,-9

முதல் எண் சாய்வு. அடுத்த இரண்டு, முதல் கோடு தொடங்கும் இடம். நான்காவது எண் நகர்வு: அடுத்த வரிசை எவ்வளவு தள்ளித் தொடங்க வேண்டும் என்பது. ஐந்தாவது வரிசை இடைவெளி. அதன்பின் பேனாவின் அசைவு. நேர் எண் என்றால் பேனா தாளில் ஓடும். எதிர் எண் என்றால் தூக்கிக்கொண்டு ஓடும். பூச்சியம் என்றால் ஒரு புள்ளி. ஆக, ஒரு புள்ளி வை, 9 மீட்டர் தாண்டு, மறுபடி புள்ளி வை. வரிசை முடிந்தால் 7.79 மீட்டர் மேலே ஏறி, அரை மரம் தள்ளித் தொடங்கு. தோட்டத்தில் கயிறு பிடித்து நடுபவர்கள் செய்வதும் இதுதான்.

பலர் தடுக்கி விழும் இடம் நான்காவது, ஐந்தாவது எண்கள். இவற்றைத் தாளின் கிடை, நெடு அச்சில் அளக்கக் கூடாது. கோடு சாய்ந்தால் இவையும் சேர்ந்து சாயும். நகர்வைக் கோட்டின் போக்கிலேயும், இடைவெளியைக் கோட்டுக்குச் செங்குத்தாகவும் அளக்க வேண்டும். ஆனால் இரண்டாம், மூன்றாம் எண்களான தொடக்க இடம் மட்டும் தாளின் அச்சிலேயே இருக்கும். ஒரே வரிக்குள் இரண்டு விதமான அளவு! இப்படி ஏன் வைத்தார்களோ, மாணவர்களைக் குழப்புவதற்கு இதைவிட நல்ல வழி இல்லை. சாய்வு பூச்சியமாக இருக்கும்வரை வேறுபாடு தெரியாது. சாய்வான கோடு வந்ததும் எல்லாம் தவறிவிடும்.

நான்கு இதழ்ப் பூ

எளிய கோலம் ஒன்றை எடுப்போம். கணக்குத் தாளில் நான்கு கட்டத்துக்கு ஒரு புள்ளியாகச் சதுரமாகப் புள்ளி வையுங்கள். ஒரு புள்ளியிலிருந்து வலப்பக்கம் 2, மேலே 1 போய், அங்கிருந்து வலப்பக்கம் 2, கீழே 1 வந்தால் அடுத்த புள்ளியைத் தொடுவீர்கள். அதையே கீழ்ப்பக்கமும் போட்டால் ஒரு இதழ். நெடுக்காகவும் இப்படியே செய்தால் ஒவ்வொரு புள்ளியையும் சுற்றி நான்கு இதழ்கள் விரியும். மொத்தம் எட்டுக் கோட்டுக் குடும்பங்கள். ஆகவே கோப்பில் எட்டு வரிகள்.

முதல் கோட்டின் சாய்வு என்ன? வலப்பக்கம் 2, மேலே 1 என்பதால் 26.56505118 பாகை. கோட்டின் நீளம் 5இன் வர்க்கமூலம், 2.23606798. இந்தக் கோட்டை நேராக நீட்டிக்கொண்டே போனால் அடுத்த பூவின் மையத்தை எப்போது தொடும்? வலப்பக்கம் 8, மேலே 4 போன பிறகு. அதாவது 8.94427191 அலகுக்குப் பிறகு. ஆக பேனா 2.23606798 ஓடி, 6.70820393 தூக்கிக்கொண்டு போக வேண்டும்.

வரிசை இடைவெளிக்குத்தான் தோட்டத்துப் பாடம் தேவை. ஒரு கட்டத்தின் பரப்பு 4 × 4 = 16. அதை 8.94427191 ஆல் வகுத்தால் 1.78885438. அதுதான் ஐந்தாவது எண். சந்தின் அகலத்தை மர இடைவெளியிலிருந்து கண்டுபிடிப்பது போலத்தான்.

நகர்வுக்கு, அடுத்த இணைகோட்டில் இருக்கும் பூ எது என்று பார்க்க வேண்டும். முதல் பூவிலிருந்து வலப்பக்கம் ஒரு கட்டம், மேலே ஒரு கட்டம் தள்ளி இருக்கும் பூ அந்தக் கோட்டில் விழுகிறது. அதைக் கோட்டின் போக்கில் அளந்தால் 5.36656315 வரும். முழு வரி இதோ:

26.56505118, 0,0, 5.36656315,1.78885438, 2.23606798,-6.70820393

இதழின் மறுபாதி, 2,1 என்ற இடத்திலிருந்து கீழே இறங்கும் கோடு:

333.43494882, 2,1, 3.57770876,1.78885438, 2.23606798,-6.70820393

இத்தனை தசமம் எதற்கு என்று கேட்பீர்கள். 5.36656315 என்பதைச் சுருக்கி 5.4 என்று எழுதினால் வரிசைக்கு 0.033 அலகுதான் பிழை, கண்ணுக்கே தெரியாது. ஆனால் ஒவ்வொரு வரிசையும் முந்தைய வரிசையிலிருந்துதான் அளக்கப்படுகிறது. பிழை கூடிக்கொண்டே போகும். 30ஆவது வரிசையில் ஒரு முழு அலகு விலகியிருக்கும். இதழின் நுனி இருக்க வேண்டிய உயரமே ஓர் அலகுதான்! சாய்வை 26.5 என்று எழுதினாலும் இதே கதி. 100 அலகு தூரத்தில் கோடு 0.14 அலகு கீழே போயிருக்கும். முதல் நான்கு பூ நன்றாக வந்து பிறகு கலைவது இதனால்தான். எட்டு தசம இடம் எழுதினால் எந்த மண்டபத்துக்கும் போதும்.

கலைந்த கோப்பு ஒன்று கையில் கிடைத்தால் முதலில் அந்தப் பெருக்கலைச் செய்யுங்கள். பேனா அசைவு எண்களின் குறியை விட்டுவிட்டு எல்லாவற்றையும் கூட்டுங்கள். அதை ஐந்தாவது எண்ணால் பெருக்குங்கள். மேலே உள்ள இரண்டு வரிகளிலும் 16 வரும். ஒரு வரியில் மட்டும் 16.3 வந்தால் குற்றவாளி அகப்பட்டுவிட்டான். ஒரே கட்டத்துக்குள் ஒரு கோடு இரண்டு முறை வரும் கோலங்களில் 8 வரலாம், அதுவும் சரியே. பெருக்கல் சரியாக இருந்தும் கலைந்தால் நகர்வையோ சாய்வையோ பாருங்கள்.

தாம்பரத்தில் நடந்த ஆராய்ச்சி

கோலத்தைக் கணினிக்குச் சொல்லிக்கொடுக்கும் முயற்சி புதிதல்ல. சென்னையை அடுத்த தாம்பரத்தில் உள்ள கிறிஸ்தவக் கல்லூரியில் புள்ளியியல் பேராசிரியராக இருந்தவர் கிஃப்ட் சிரோமணி. அவரும், கணிதப் பேராசிரியரான அவர் மனைவி ராணி சிரோமணியும், கமலா கிருத்திவாசனும் சேர்ந்து 1974இல் கோலங்களைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். கணினி வரைகலைக்கான அனைத்துலக ஆய்விதழில் அது வந்தது. அன்று ஆட்டோகேட் பிறக்கவே இல்லை. அது வந்தது 1982இல்.

மொழிக்கு இலக்கணம் இருப்பதுபோல் கோலத்துக்கும் இலக்கணம் எழுதலாம் என்பது அவர்கள் எண்ணம். வாக்கிய விதிகள் சொற்களை ஒரே வரியாகக் கோக்கின்றன. கோலத்துக்கு அது போதாது. கிடையாகவும் நெடுக்காகவும் பரவும் விதிகள் வேண்டும். அப்படிப்பட்ட கட்ட வரிசை இலக்கணங்களை அவர்கள் அமைத்தார்கள். சிறிய கோலத்தில் தொடங்கி, விதியைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினால் அதே குடும்பத்தைச் சேர்ந்த பெரிய பெரிய கோலங்கள் பிறக்கும். வாசலில் 5 புள்ளிக் கோலம் தெரிந்தவர் மார்கழியில் அதையே 15 புள்ளிக்கு வளர்ப்பதை நினைத்துப் பாருங்கள். அவர் மனப்பாடம் செய்திருப்பது படத்தை அல்ல, வளரும் விதியை. கணினி அறிவியல் மாணவர்கள் இன்று பட மொழிகள் என்று படிக்கும் துறையில் இந்தக் கட்டுரை இன்னமும் மேற்கோள் காட்டப்படுகிறது.

ஹேட்சுக்கு அவ்வளவு அறிவு இல்லை. அதற்கு வளரத் தெரியாது. திரும்ப வரத்தான் தெரியும். 1, 3, 5, 7, 5, 3, 1 என்று விரிந்து குறுகும் கோலத்தை அப்படியே ஹேட்சாக்க முடியாது. அதன் நடுப்பகுதியில் எந்தத் துண்டு நான்கு பக்கமும் பொருந்தித் தொடர்கிறதோ அதை மட்டும் எடுக்கலாம். இன்னொரு குறையும் உண்டு. சிக்குக் கோலத்தில் கை எடுக்காமல் ஒரே இழையாகப் போவதுதான் பெருமை. ஹேட்ச் கோப்பில் அந்த இழை ஆயிரம் துண்டாகிவிடும். எந்தத் துண்டு எதோடு சேர்கிறது என்பது மென்பொருளுக்குத் தெரியாது. சிக்குக் கோலத்தில் நல்ல ஹேட்ச் செய்தாலும் அது கோலத்தின் நிழற்படம் என்பதே என் கருத்து. ஆனாலும் தரைக்கு அது போதும்.

வளையும் கம்பி

ஹேட்ச் கோப்பில் வளைகோடே கிடையாது. நேர்க்கோடு மட்டும்தான். புள்ளியைச் சுற்றி வளையும் கம்பியை என்ன செய்வது? சின்னச் சின்ன நேர்க்கோடுகளால் வட்டம் போலக் காட்ட வேண்டும். உடனே மனத்தில் தோன்றுவது ஒழுங்கான 12 பக்க உருவம். 105, 135, 165 என்று சாய்வு. இது வராது. எவ்வளவு தசமம் எழுதினாலும் வராது!

ஏன் என்பதற்குத் தோட்டத்துக்கே திரும்புவோம். கார் கண்ணாடி வழியே சந்து தெரிவது சில திசைகளில்தான். ஒரு மரத்திலிருந்து முழு எண் அடிகள் வைத்து இன்னொரு மரத்தை அடையும் திசைகள் அவை. சதுரப் புள்ளிகளில் 2க்கு 1, 3க்கு 1, 3க்கு 2 என்று முழு எண் விகிதம் இருந்தால்தான் கோடு மறுபடி ஒரு புள்ளியைத் தொடும். 105 பாகையின் சாய்வு விகிதத்தில் 3இன் வர்க்கமூலம் வருகிறது. அது விகிதமுறா எண். அந்தத் திசையில் எவ்வளவு தூரம் போனாலும் அடுத்த புள்ளி எதிரே வராது. திரும்ப வராத கோட்டை, திரும்ப வருவதை மட்டுமே அறிந்த கோப்பில் எழுத முடியாது. முக்கோணப் புள்ளிகளில் 60, 120 பாகைகள் அருமையாக வேலை செய்வதும், ஐங்கோண நட்சத்திரத்தை எந்தப் புள்ளி அமைப்பிலும் ஒழுங்காக நிரப்ப முடியாததும் இதே காரணத்தால்தான். பின்னதைப் படிகவியல் படித்தவர்கள் உடனே அடையாளம் காண்பார்கள்.

வழி இருக்கிறது. படிவம் ஒன்று மாணவருக்கே தெரிந்த வழி: 3, 4, 5 செங்கோண முக்கோணம். மையத்திலிருந்து 5 அலகு ஆரத்தில் வட்டம் போட்டால் அது (5,0), (4,3), (3,4), (0,5) என்ற முழு எண் புள்ளிகள் வழியாகவே போகும். நான்கு பக்கமும் சேர்த்தால் 12 புள்ளிகள். அவற்றை வரிசையாக இணைத்தால் 12 பக்க உருவம். பக்கங்கள் சமமாக இருக்காது; எட்டுப் பக்கங்கள் 3.16, நான்கு பக்கங்கள் 1.41. ஆனால் முனைகள் எல்லாம் சரியாக வட்டத்தின் மீது. உண்மை வட்டத்திலிருந்து அதிகபட்ச விலகல் ஆரத்தில் 5 விழுக்காடுதான். முக்கியமாக, எல்லாப் பக்கங்களும் 3க்கு 1 அல்லது 1க்கு 1 விகிதம். புள்ளிகளுக்கு இடையே 10 அலகு வைத்தால் அடுத்தடுத்த வளையங்கள் ஒன்றை ஒன்று தொடும். முதல் பக்கத்தின் வரி:

108.43494882, 5,0, -9.48683298,3.16227766, 3.16227766,-28.46049894

பெருக்கிப் பாருங்கள்: 31.6227766 × 3.16227766 = 100. கட்டத்தின் பரப்பும் 10 × 10. மீதி 11 வரிகளையும் இப்படியே எழுதிக்கொள்ளலாம்.

எதுவுமே வராவிட்டால்

கோலம் கலைவது ஒரு வகை. வராமலே போவது இன்னொரு வகை. காரணங்கள் சாதாரணமானவை; ஆனால் பாதி நாளைத் தின்றுவிடும். கோப்பின் பெயரும் உள்ளே நட்சத்திரக் குறிக்குப் பிறகு உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். கடைசி வரிக்குப் பிறகு ஒரு முறை எண்டர் தட்டி வெற்று வரி விட வேண்டும். இல்லையேல் ஆட்டோகேட் கடைசிக் குடும்பத்தைப் படிக்காமல் விடலாம், கோப்பையே மறுக்கலாம். ஒரு வரியில் 80 எழுத்துக்கு மேலும், ஆறு பேனா அசைவுக்கு மேலும் கூடாது. நோட்பேடில் சேமிக்கும்போது பெயரின் வாலில் தானாக ஒட்டிக்கொள்ளும் '.டிஎக்ஸ்டி'யை நீக்குங்கள்.

அளவு விகிதம் அடுத்த சந்தேகம். ஆட்டோகேட்டில் அங்குலத்துக்கு ஒரு ஹேட்ச் கோப்பு, மில்லிமீட்டருக்கு ஒன்று. மாற்றி எடுத்தால் கோலம் 25.4 மடங்கு பெரிதாகவோ சிறிதாகவோ வரும். நம் பூவையே பாருங்கள். 20 மீட்டருக்கு 10 மீட்டர் மண்டபத்தை மில்லிமீட்டரில் வரைந்து, விகிதம் 1 என்று விட்டால் ஒரு பூவின் கட்டம் 4 மில்லிமீட்டர். மண்டபத்துக்கு 1 கோடியே 25 லட்சம் பூ. பத்து கோடிக் கோடுகள். ஒரு ஹேட்சுக்கு 10 லட்சம் கோடு என்பது மென்பொருள் வழக்கமாக வைத்திருக்கும் எல்லை. அது வரைய மறுக்கும், அல்லது முழுக் கறுப்பாகத் தெரியும். தரைக்கல் 600 மில்லிமீட்டர் என்றால் விகிதம் 150. அப்போது ஏறத்தாழ 4,400 கோடுகள்தான்.

நில அளவைப் படத்தின் மேல் வரைபவர்களுக்கு வேறொரு தொல்லை. தீபகற்ப மலேசிய நில அளவைக் கட்டத்தில் பேராக்கில் உள்ள ஓர் இடத்தின் ஆயத்தொலைவு மீட்டரிலேயே ஆறு இலக்கம். மில்லிமீட்டருக்கு மாற்றினால் ஒன்பது இலக்கம். கணினித் திரை படத்தைக் காட்டும்போது பல வேளைகளில் ஏறத்தாழ ஏழு இலக்கத் துல்லியத்தில்தான் கணக்கிடும். 34 கோடி என்ற அளவில் உள்ள எண்ணை அப்படி வைத்தால் அடுத்தடுத்த எண்களுக்கு இடையே 32 மில்லிமீட்டர் இடைவெளி விழும். நேரான இதழ் படிக்கட்டுப் போலத் தெரிவதற்கு இதுவே காரணமாகலாம். கட்டடத்தை 0,0 அருகே வரைந்து, நில அளவைப் படத்தைத் தனியாக வைத்துக்கொள்வதே நல்லது.

கோலம் எங்கிருந்து தொடங்குகிறது என்பதையும் நாம்தான் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் ஹேட்ச் படத்தின் 0,0 இலிருந்து தொடங்கும். அது மண்டபத்துக்கு வெளியே எங்கோ இருக்கும். வாசல்படியில் முக்கால் பூ, சன்னதி எதிரே கால் பூ என்று வெட்டுப்பட்டுவிடும். படத்தைப் பார்த்துத்தான் கல் வாங்குகிறார்கள், வெட்டுகிறார்கள். தரைக்கல் பதிப்பவர் மண்டபத்தின் நடுக்கோட்டைப் பிடித்துத் தொடங்குவார் என்றால் ஹேட்சின் தொடக்கத்தையும் நடுக்கோட்டிலேயே வையுங்கள். பதிப்பவரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது இன்னும் நல்லது.

ஆட்டோகேட் விலை கொடுத்து வாங்க வேண்டியது. வீட்டில் பழக நினைக்கும் மாணவர்கள் இலவசமாகக் கிடைக்கும் ஃப்ரீகேடில் இதே வடிவக் கோப்புகளைப் பயன்படுத்தலாம். கியூகேடும் இவற்றைப் படிக்கும். நான்கு இதழ்ப் பூவின் மீதி ஆறு வரிகளில் நெடுக்கு இதழின் முதல் கோடு வலப்பக்கம் 1, மேலே 2, சாய்வு 63.43494882, நகர்வு 3.57770876. மற்ற ஐந்தையும் கணக்குத் தாளில் வரைந்து கண்டுபிடியுங்கள். எட்டு வரியிலும் பெருக்கல் 16 வந்தால் மண்டபம் முழுக்க நிரப்பிப் பார்க்கலாம்.